நிக் டிரேக்கின் சாவை எழுதியது போதும், பாட்டை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ் நாளிதழ் ஒன்றில் அந்தப் பெயரைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை, அதனால் முதலில் நன்றி. அப்புறம்தான் சண்டை. அந்தப் பக்கம் முழுக்க அவருடைய இசையைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், "சோகம் ததும்பும் கிதார்" என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. 26 வயதில் இறந்துபோனார், மன அழுத்தம் இருந்தது, அது தற்கொலையா தவறுதலா என்று இன்னும் பேசுகிறார்கள், உயிரோடு இருந்தபோது யாரும் சீண்டவில்லை, கடைசியில் ஒரு கார் விளம்பரம் வந்து அவரை உலகத்துக்குக் காட்டியது. இவ்வளவுதான் கட்டுரை. இதைப் படித்துவிட்டு ஒருவர் அவருடைய பாட்டைத் தேடிப் போனால் காதில் விழும் ஒவ்வொரு வரியிலும் சாவைத்தான் தேடுவார், பாவம்.

நான் வந்த வழி வேறு. இணையத்தில் அவருடைய ரசிகர்கள் கூடிப் பேசுகிற சின்ன வட்டம் ஒன்று, பல நாட்டுக்காரர்கள், அதில் கிதார் வாசிப்பவர்கள் பாதி, வெறுமனே கேட்பவர்கள் பாதி. வேறு யாரையோ பற்றித் தேடிக்கொண்டு போய் அங்கே ஒதுங்கினேன். புதிதாக வருகிறவர்களிடம் அவர்கள் சாவுக் கதையை எடுப்பதே இல்லை, இது யாரும் போட்ட விதி இல்லை, பழக்கம். எந்தப் பாட்டைக் கேட்டாய், எதில் கேட்டாய், கைபேசி ஸ்பீக்கரிலா, அதை முதலில் நிறுத்து, ஹெட்ஃபோன் போட்டுக் கேள், இரண்டாவது சரணத்தில் வயலின்கள் எங்கிருந்து நுழைகின்றன என்று சொல். இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. ஒரு கலைஞரை நமக்கு அறிமுகப்படுத்துகிறவர் எதை முதலில் கையில் கொடுக்கிறாரோ அதைப் பிடித்துக்கொண்டுதான் நாம் கடைசி வரைக்கும் நடக்கிறோம், உங்கள் கட்டுரை கொடுத்தது மரணச் சான்றிதழ்.

'ரிவர் மேன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'. (சிகரெட் சுற்றும் ரிஸ்லா தாள் கட்டில் தாள் தீரப்போகிறது, இன்னும் ஐந்துதான் பாக்கி என்று அப்போது ஒரு எச்சரிக்கைத் தாள் வரும், தலைப்பு அங்கிருந்து வந்தது. இதிலும் சாவை முன்கூட்டிச் சொன்னார் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.) அதில் இரண்டாவது பாட்டு இது. முதல் தடவை கேட்டபோது நன்றாக இருக்கிறது, ஆனால் என்னவோ நழுவுகிறதே என்று மட்டும்தான் பட்டது. அந்த வட்டத்தில் ஒருவர், "கையால் எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினால் ஐந்து. மேற்கத்திய பாப் பாட்டில் பெரும்பாலானவை நான்கில் ஓடும், இது ஐந்தில் ஓடுகிறது, பாட்டு முழுக்க, ஓரிடத்தில்கூடத் தன்னைப் பார் என்று காட்டிக்கொள்ளாமல். நமக்குக் கண்ட சாபு பழக்கம்தானே, தக தகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன், பாட்டு அப்படியே திறந்துகொண்டது. அவர் குரல் தாளத்தின் மேல் உட்காருவதில்லை. சொற்களை கொஞ்சம் பிந்தி விடுகிறார், கட்டைவிரல் மட்டும் கீழே பிசகாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதைப் போய் "சோகக் கிதார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எப்படி? இந்தப் பாட்டில் சோகத்தைவிட நிதானம்தான் அதிகம் என்பது என் கட்சி.

அதே பாட்டில் வயலின்களும் செல்லோக்களும் மெல்ல ஏறி வந்து சூழ்ந்துகொள்கிற இடம் இருக்கிறதே, அதைக் கோர்த்தவர், அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதியவர், ஹாரி ராபின்சன். ஆல்பத்தின் மற்ற தந்திக் கோர்ப்புகள் ராபர்ட் கர்பி செய்தவை, கேம்பிரிட்ஜில் டிரேக்கோடு படித்த நண்பர், அப்போது மாணவர்தான். தயாரிப்பாளர் ஜோ பாய்ட் முதலில் அனுபவமுள்ள வேறு ஒருவரை அழைத்து வந்தார், அவர் எழுதியது டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து அதிகம் பேசாத பையன், முதல் ஆல்பம், இருந்தும் அது வேண்டாம், என் நண்பன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். கர்பி வந்தார். 'வே டு ப்ளூ' என்று ஒரு பாட்டு, அதில் கிதாரே கிடையாது, குரலும் தந்திக் கருவிகளும் மட்டும். கிதாருக்குப் பேர்போன ஒருவர் தன் முதல் ஆல்பத்திலேயே கிதாரைக் கீழே வைத்துவிட்டு நண்பன் எழுதியதற்குப் பாடுகிறார். ஆனால் 'ரிவர் மேன்' மட்டும் கர்பிக்குக் கைவரவில்லை, டிரேக்குக்குப் பிடித்த டீலியஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் சாயலில் ஒன்று தேவைப்பட்டது, அதனால்தான் ராபின்சன். லண்டனில் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில், சுற்றிலும் வாத்தியக்காரர்கள் இருக்க, நடுவில் டிரேக் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாட, ஒன்றாகவே பதிவானது அந்தப் பாட்டு. பதிவு செய்தவர் ஜான் உட். "யாரும் புரிந்துகொள்ளாத தனி மனிதன்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு ஆல்பத்தின் பின்னால் அவரைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பாஸ் வாசித்த டேனி தாம்சன், ஒரு பாட்டில் மின்கிதார் வாசித்த ரிச்சர்ட் தாம்சன், இவர்களில் ஒரு பெயராவது உங்கள் கட்டுரையில் இல்லை.

அடுத்தது கிதார். இதுதான் ரசிகர்கள் செய்த பெரிய வேலை, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக கிதாரின் ஆறு தந்திகளும் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். டிரேக் பாட்டுக்குப் பாட்டு அதை மாற்றுவார். அவருக்கு மிகவும் பிடித்த சேர்க்கைகளில் ஒன்று சி, ஜி, சி, எஃப், சி, இ. சி-யை ஷட்ஜமமாக வைத்துப் பாருங்கள்: ஸ ப ஸ ம ஸ க. கீழ்த்தந்தி வழக்கத்தைவிட நன்றாக இறங்கித் தொங்குகிறது, மூன்று தந்திகள் ஷட்ஜமத்திலேயே நிற்கின்றன, ஆகவே விரல் மேலே எங்கே போனாலும் அடியில் தம்புரா ஓடுகிற மாதிரி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். 'பிங்க் மூன்' என்ற பாட்டு இந்தச் சேர்க்கைதான், கேப்போ (கிதாரின் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்துகிற கவ்வி) போட்டு வாசித்தது. அவர் பாட்டுகளில் வருகிற அந்த மிதப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

இதை யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. வளர்ந்த பிறகு அவர் வாசிப்பதைக் காட்டுகிற படச்சுருள் ஒன்றுகூட இல்லை, கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவே முடியாது. ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் காதால் கண்டுபிடித்தார்கள். விரல் வைக்காத தந்தியின் நாதம் கொஞ்சம் பிரகாசமாக, நீளமாக நிற்கும், விரல் அழுத்திய தந்தி சீக்கிரம் அடங்கும். ஒரு பாட்டில் எந்தெந்தச் சுரங்கள் அப்படி நீண்டு ஒலிக்கின்றன என்று குறித்துக்கொண்டே போனால் தந்தி எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பிடித்துவிடலாம். அப்புறம், இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன, சாதாரணச் சேர்க்கையில் அதற்கு ஐந்து விரலும் போதாது என்றால், அங்கே சேர்க்கை வேறு என்று தெரிந்துவிடும். தந்தியில் விரல் சறுக்குகிற கீச் சத்தம்கூடச் சாட்சி. ஒருவர் ஒரு சேர்க்கை சொல்வார், இன்னொருவர் இரண்டாவது தந்தி அப்படி இருந்தால் இந்த இடத்தில் இந்தச் சுரம் வராதே என்பார், பழைய வாதத்தைக் கிளறுவார்கள், மாதக்கணக்கில் போகும். கிதார் வாசிக்கத் தெரியாத நான் அந்த வாதங்களைப் படித்துக்கொண்டே பாட்டைக் கேட்கப் பழகினேன். அதற்கு முன்னால் பாட்டு என்றால் எனக்குக் குரலும் வரிகளும்தான், பின்னால் நடப்பது எல்லாம் சேர்ந்து ஒரு சத்தம், அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வித்தை செய்தவர் அந்த 'ரிவர் மேன்' பாட்டை வாசித்தது எல்லோரும் வைத்துக்கொள்கிற சாதாரணச் சேர்க்கையில்தான், மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) கேப்போ.

மேடையில் அவர் எடுபடாமல் போனதற்கும் இதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் தந்திகளை மறுபடி சேர்க்க வேண்டும். கையில் ஒரே கிதார். சேர்க்கும்போது இரண்டு வார்த்தை பேசிச் சமாளிக்கிற ஆளும் இல்லை. கேட்க வந்தவர்கள் மௌனத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அப்புறம் பேச ஆரம்பிப்பார்கள், ஒரு கட்டத்தில் அவர் மேடை ஏறுவதையே விட்டுவிட்டார். பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி என்று பார்த்தால் பொதுவாகச் சொல்லப்படுவது 1971-ல் வந்த ஒன்றுதான். கச்சேரி கிடையாது, பேட்டி கிடையாது, இசைத்தட்டு எப்படி விற்கும்? மூன்று ஆல்பங்களில் எதுவும் அப்போது 5,000 பிரதிகளைத் தாண்டவில்லை என்பார்கள். "உலகம் கைவிட்டது" என்று உங்கள் கட்டுரை சொன்னதைவிட இந்தச் சாதாரணக் காரணங்கள் எனக்கு நம்பும்படி இருக்கின்றன.

இனி அந்தக் கார் விளம்பரம். ஃபோக்ஸ்வேகன் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' வந்தது 2000-ஐ ஒட்டி, விற்பனை எகிறியதும் உண்மைதான். ஆனால் அதுவரை அவர் காணாமல் போயிருந்தார் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. ஜோ பாய்ட் தன்னுடைய நிறுவனத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றபோது நிக் டிரேக்கின் தட்டுகளை எந்தக் காலத்திலும் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். தட்டு கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒருவர் வாங்கி, பிடித்துப்போய், இன்னொருவருக்கு கேசட்டில் பதிந்து கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து என்று அது நகர்ந்தது. 1979-ல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெட்டித் தொகுப்பு வந்தது. 1985-ல் ட்ரீம் அகாடமி என்ற குழு அவருக்குக் காணிக்கையாக்கிய பாட்டு பெரிய வெற்றி பெற்றது. 1994-ல் புதிதாக ஒரு தொகுப்பு, 1997-ல் வாழ்க்கை வரலாறு. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் விளம்பரக்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடம் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்ததே அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களால்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய பெற்றோரும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். மகன் போன பிறகு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அந்தக் கிராமத்து வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். பெற்றோர் விரட்டவில்லை, உள்ளே அழைத்துப் பேசினார்கள், மகன் வீட்டில் பாடிப் பதிந்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து தந்தை படி எடுத்துக் கொடுத்தார். பிற்பாடு அந்தப் படிகளில் சில திருட்டுத் தட்டுகளாகவும் வந்தன, அது வேறு விஷயம். 2007-ல் அந்த வீட்டுப் பதிவுகளை முறையாகவே வெளியிட்டார்கள். தந்தை ராட்னி பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்தில் பொறியாளர், நிக் பிறந்தது 1948-ல் ரங்கூனில். உங்கள் கட்டுரை "இங்கிலாந்துக் கிராமத்தில் பிறந்த" என்கிறது, அதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியவர் தாய் மாலி டிரேக். 1950-களில் வீட்டுப் பியானோவில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார், கணவர் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைப்பார், அவற்றை அப்போது தட்டாக வெளியிட்டதில்லை. 2013-ல் அவை ஆல்பமாக வந்தன. மகனுடைய பாட்டுகளில் தோண்டத் தோண்ட எல்லோரும் கிதாரையே பேசிக்கொண்டிருக்க, அந்த வட்டத்தில் ஒரு பெண்மணி தாயின் பாட்டு ஒன்றையும் மகனின் பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொன்னார். ஒரு வரி முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் பக்கத்துச் சுரத்தில் போய் நின்றுவிடுகிற அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இதைத் தனிக் கட்டுரையாகவே போடலாம்.

ரசிகர்கள் என்றால் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. எத்தனை வருஷமாகக் கேட்கிறாய் என்று வயதுச் சான்றிதழ் கேட்கிறவர் அங்கேயும் உண்டு. யாரோ ஊகமாகச் சொன்னது அடுத்த வருஷம் வரலாறாகி நிற்கும். இரண்டாவது ஆல்பமான 'பிரைட்டர் லேட்டர்' பற்றி மோசமாகப் பேசுவது அங்கே ஒரு சடங்கு, டிரம்ஸும் பித்தளைக் குழல்களும் புல்லாங்குழலும் வைத்துக் கெடுத்துவிட்டார்களாம். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த ஆல்பம். 1971-ல் வந்தது. அதில் 'நார்தர்ன் ஸ்கை' பாட்டில் ஜான் கேல் வாசிக்கிற செலஸ்டா (மணியோசை எழுப்புகிற சின்னப் பியானோ மாதிரியான கருவி) மணி மணியாக விழுகிற இடத்தைக் கேட்ட பிறகும் ஒருவர் இவரைச் சோகப் பாடகர் என்று மட்டும் சொன்னால் அவரோடு மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? (அதிலுள்ள, பாட்டில்லாத மூன்று வாத்திய இசைத் துண்டுகளை இன்றைக்கும் தாண்டித்தான் போகிறேன், அது சரி.) மூன்றாவது ஆல்பமான 'பிங்க் மூன்' 1972. இரண்டு இரவுகளில் பதிவானது, அறையில் அவரும் ஜான் உட்டும் மட்டும், தலைப்புப் பாட்டில் அவரே சேர்த்த கொஞ்சம் பியானோவைத் தவிர வெறும் குரலும் கிதாரும், மொத்தம் 28 நிமிடம். புகழ்பெற்றது இதுதான் என்று எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்காதீர்கள் என்பது அந்த வட்டத்தார் எனக்குச் சொன்ன யோசனை, நானும் அதையே சொல்வேன். முதல் இரண்டையும் கேட்டவர்களுக்குத்தான் அந்த 28 நிமிடத்தில் எதையெல்லாம் அவர் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது காதில் விழும்.

பாட்டுச் செயலி இதைச் செய்யாதா என்று கேட்கலாம். எனக்கு அது கொடுத்தது "மழைநாள் பாடல்கள்" மாதிரி ஒரு பட்டியல், அதில் இவருடைய பாட்டு ஒன்று, முன்னும் பின்னும் சம்பந்தமே இல்லாத பத்துப் பேர். யார் வாசித்தார், எந்த வருஷம், யார் கோர்த்தார் என்று பார்க்க மூன்று நான்கு இடத்தில் அழுத்த வேண்டும், அப்படியும் பாதி விவரம் இருக்காது. பழைய தட்டு உறையின் பின்பக்கம் இருந்த விவரம்கூட இல்லாமல்தான் இப்போது எல்லோரும் பாட்டுக் கேட்கிறோம்.

இந்த இடத்தில்தான் நாளிதழ் எனக்கு வேண்டியிருக்கிறது. இசைக்கலைஞர் யாரைப் பற்றி எழுதினாலும் உடன் வாசித்தவர்கள், கோர்ப்பு செய்தவர், பதிவு செய்தவர், வருஷம் இவற்றை ஒரு சின்னக் கட்டமாகவாவது போடுங்கள். எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம், அதில் எதைக் கவனிக்கலாம் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவருக்கு இசை நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' உருவான விதத்தைக் காட்டுகிற பதிவுகள் 2025-ல் பெட்டித் தொகுப்பாக வந்திருக்கின்றன, பாட்டு முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று கேட்கலாம். அடுத்த முறை அதைப் பற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் ராபர்ட் கர்பியைப் பற்றி எழுதுங்கள், 2009-ல் அவர் போய்விட்டார், தமிழில் அவரைப் பற்றி நான் ஒரு வரியும் பார்த்ததில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, முழுதாகப் போட இடம் இருக்காது என்று தெரியும். வெட்டுவதானால் ரசிகர்களைக் குறை சொன்ன பத்தியை வெட்டுங்கள், செயலியைத் திட்டியதையும் எடுத்துவிடலாம். தந்திகளைப் பற்றிய இரண்டு பத்திகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்